எட்டெழுத்து

கேஃபிர் கொட்டியது விசைப்பலகை மேல்.
புளித்த பால்தான். ஆனாலும்
பாதி எழுத்துகளைக் கொண்டுபோய்விட்டது.

ஹீயுமா தீவில் பிப்ரவரி.
கடல் உறைந்து படகு ஓடாத வாரம்.
ஹெல்துர் ராயுத்செப் படகில் கயிறு கட்டுகிறவர்;
கட்ட ஒன்றும் இல்லாமல்
தொலைக்காட்சிக்குக் கீழுள்ள பெட்டியின் முன்னால்
சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.
அகச்சிவப்பு மட்டும்தான் அதன் காதில் விழும்.
கம்பி நுழைய ஒரு துளைகூடக் கிடையாது.
புதுப் பலகை கேட்டுப் போனதற்கு
"அந்தக் கம்பெனியே இல்லையே" என்றார்கள் கடையில்.

வால்கா ஊரில் மைமு பிஹெல்காஸ்
குதிரையை நகர்த்திவிட்டு
பதினோரு நாளாகக் காத்திருக்கிறார்.

சதுரங்கத்துக்கு எத்தனை எழுத்து வேண்டும்?
ஆ, பே, த்சே, தே, ஏ, எஃப், கே, ஹா.
எட்டே எட்டு. எண்கள் ரிமோட்டிலேயே இருக்கின்றன.
இழுப்பறையில் கிடந்தது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ரிமோட்,
செத்துப்போன இரண்டு டிவிகளின் பாஷையை
இன்னும் மறக்காமல்.

விளக்கை அணைத்தார்.
பலகையும் ரிமோட்டும் மூக்கோடு மூக்கு,
நடுவே மூன்று விரற்கடை.
போன் கேமரா வழியே பார்த்தால்
ஊதா நிறத்தில் ஒரு சிமிட்டல்.
பிழைத்த விசைகளை ரிமோட் கேட்டுக் கற்றது.
செத்த மூன்றும், பே, த்சே, ஏ,
கணக்குப் போட்டுத்தான் வந்தன:
பக்கத்து விசைகளின் நெடிலையும் குறிலையும்
மளிகை ரசீதின் முதுகில் எழுதி,
எந்த இடத்தில் துடிப்பு மாறுகிறது என்று
பென்சிலை நக்கி நக்கி.
சானல் ஏற்றம் இனி ஆ. ஒலி ஏற்றம் ஹா.
டெலிடெக்ஸ்டை யார் பார்க்கிறார்கள், அது ஏ.

முதல் அழுத்தல்.
ஏஏஏஏஏஏஏஏஏஏஏஏஏஏ
விரலை எடுத்த பிறகும்
ஏஏஏஏஏஏஏஏஏ
வரி நிறைந்து அடுத்த வரிக்கு இறங்கி
ஏஏஏஏ
பதறியதில் ஓகே பொத்தானில் கை பட்டு
போயே போய்விட்டது.

பதில் வந்தது:
"யாரைக் கூப்பிடுகிறீர்கள்?
பக்கத்தில்தானே இருக்கிறேன், முன்னூறு கிலோமீட்டர்."

புரிய இரண்டு ராத்திரி ஆனது.
ரிமோட்டுக்குத் தொடத்தான் தெரியும்.
பலகையோ ஒவ்வொரு தடவையும்
தொட்டேன் என்று ஒன்று,
விட்டேன் என்று இன்னொன்று
அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது இத்தனை வருஷமும்.
எந்த எழுத்தானாலும் விட்டேன் ஒன்றேதான்:
வெறும் சைபர்கள்.
அதற்கென்று மிஞ்சியிருந்தது
ஒலிபெருக்கிப் படத்தின்மேல் குறுக்குக்கோடு போட்ட
வாய்மூடும் பொத்தான்.

எழுத்து, வாய்மூடு. எழுத்து, வாய்மூடு.
அப்படித்தான் அவர் யானை நகர்ந்தது,
அப்படித்தான் மைமுவின் ராணி விழுந்தது ஏப்ரலில்,
பனிக்கட்டி உடைந்து படகுகள் ஓடத் தொடங்கியபோது.

மே மாதம் ஒரு செய்தி.
"மகன் வீட்டோடு போகிறேன், பெர்கன்.
பெட்டியைக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன், நாளை வருவார்.
சமன் என்று வைத்துக்கொள்ளலாமா?
உங்களுக்கு ஒரு சிப்பாய் அதிகம், தெரியும்."

வருத்தம் என்று எழுத
கா இல்லை, யோட் இல்லை, ஊ இல்லை.
நன்றி சொல்ல ஈ இல்லை.
மீசை வைத்த அந்த ஓ,
நம் ழகரம்போல் வெளியூர் நாக்குகளை இடறிவிடுவது,
அது எப்போதுமே இல்லை.

ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
விடைபெறுகையில் அந்த ஊரில் சொல்வது
ஹேஅத் ஆஎகா.
நல்ல நேரம், அவ்வளவுதான் பொருள்.
ஹா வாய்மூடு ஏ வாய்மூடு
ஆ வாய்மூடு தே வாய்மூடு
அட.
சதுரங்கக் கட்டங்களை விட்டு
வெளியே கால் வைக்காமலே வருகிறது.
இடைவெளி விசை கற்றுக்கொடுக்கவில்லை, ஒட்டிக்கொண்டே போகட்டும்
ஆ வாய்மூடு ஏ வாய்மூடு கே வாய்மூடு
ஆ

கட்டைவிரல் வாய்மூடும் பொத்தான் வரை போய்
அதன்மேல் சும்மா இருந்தது.
ஆஆஆஆஆஆஆஆஆஆஆஆ
துறையில் சங்கு ஊதுகிறார்கள், ஆறு மணிப் படகு.
ஒரு காலில் பூட்ஸ் மாட்டியாயிற்று.
ஆஆஆஆஆஆஆ